எலன் ஆன்டியின் எழுத்து மேசை

அக்டோபர் 10, வெள்ளி

பக்கத்து வீட்டு எலன் ஆன்டி முதியோர் இல்லத்துக்குப் போனபோது தன் சின்ன மேசையை என்னிடம் விட்டுப் போனார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் பிரான்சில், பெண்கள் உட்கார்ந்து கடிதம் எழுதுவதற்கென்றே செய்தது. மேற்பலகையில் வெள்ளை மரச் சீவலால் பூ இழைத்திருக்கும். நாளைக்கு அவருடைய பேத்தி வந்து எடுத்துப்போய் அவரிடம் கொடுக்கப் போகிறாள்.

வெள்ளிக்கிழமையாயிற்றே என்று வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். அந்த மேசையையும் துடைத்துவிட்டேன். துணியைப் பிழியும்போது ஓர் இதழ் கையோடு வந்தது, மஞ்சளாக. பலகையில் மிச்சமிருந்த பூவும் மஞ்சள்.

"ஃபெவிகால் வச்சு ஒட்டிடு, யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் இவர்.

"அம்மா, ஜஸ்ட் டெல் ஹெர்" என்றாள் பெண்.

பழைய மேசை நாற்காலி பழுது பார்ப்பவருக்கு போன் பண்ணினேன். அந்தக் காலத்துப் பசை தண்ணீர் பட்டால் விட்டுவிடுமாம். இதழை ஒட்டித் தந்துவிடுவாராம். மரத்தில் ஊறின மஞ்சளுக்கு மட்டும் வழி தெரியாதாம்.

சாயங்காலம் ஆன்டியே கூப்பிட்டார். "ஹவ் இஸ் மை டேபிள்?"

"வெரி கிளீன், ஆன்டி" என்றேன். சந்தோஷமாகச் சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

விளக்கேற்றி அம்பாள் முன்னால் உட்கார்ந்தேன். மஞ்சள் நிலைக்க வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறவள், இன்றைக்கு மஞ்சள் போக வேண்டும் என்று எந்த வாயால் கேட்பேன்? ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.