சொம்பை வலப்பக்கம் வைத்தவள்

திருப்பரங்குன்றம்

சுபா அம்மாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டு போகும்போது எனக்காகப் பதிந்து டிவி மேல் நீ வைத்துவிட்டுப் போன சீட்டை எடுத்துக்கொண்டு, நேற்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கண்ணுக்குள் ஓடும் ரத்தக்குழாய்களைப் படமெடுத்தார்கள். பார்வை நரம்பு எதனால் கெட்டது என்பதை, குழாய்கள் மெலிந்திருக்கும் விதமே காட்டிக்கொடுக்குமாம். எனக்குக் கண் அழுத்தம். இடது கண்ணில் போனது போனதுதான். உன் புண்ணியத்தில் வலது கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிவிடலாமாம்.

"இடப்பக்கம் இருக்கறதைத் தட்டி விட்டிருப்பீங்களே, வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வீட்டுக்காரி கவனிச்சுத்தான், சாப்பிடும்போது தண்ணிச் சொம்பை வலப்பக்கம் வச்சிருக்கா. இடப்பக்கம் வைக்கிற முறை தெரியாதவள்னு சம்பந்தி முன்னாடி நாந்தான் வஞ்சேன்" என்றேன்.

இன்று நானே சொம்பை வலப்பக்கம் வைத்துச் சாப்பிட்டேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. மருந்துதான், நானே விட்டால் கன்னத்தில் விழுகிறது.

உன் வீட்டுக்காரன்