பின்சீட்டின் கை

மார்ச் 3, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நோயைக் காட்டுகிற எண் இறங்கவே இல்லை.

சீலியாக் நோய் என்று தெரிந்து ஐந்து மாதம். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற க்ளூட்டன் என் குடலுக்கு ஆகாது. அன்றிலிருந்து ரொட்டி இல்லை, பிஸ்கட் இல்லை, சோயா சாஸ்கூட இல்லை. அதிலும் கோதுமையாம். பழையதில் கோதுமை ஒட்டியிருக்கும் என்று வடிகட்டி புதிது, மரக்கரண்டி புதிது. இத்தனைக்கும் பிறகு டாக்டரம்மா சொல்கிறார்: "எங்கயோ கொஞ்சம் கோதுமை உள்ள போயிட்டுதான் இருக்கு. யோசிச்சுப் பாருங்க."

யோசிக்கணுமாம்! ஐந்து மாதமாக வேறு என்ன செய்கிறேன்?

வீட்டுக்காரர் அதற்கும் மேல். சோபாவில் படுத்தபடியே கேட்கிறார்: "கடையில யாருக்கும் தெரியாம ஏதாச்சும் தின்னுடுறியா?" எரிகிற தீயில் எண்ணெய். தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டேன்.

மார்ச் 5, வியாழன்

மூக்குக் கண்ணாடிக் கடையில் நான் வேலை பார்த்து என்ன பயன்? முதலாளிக்குப் பிறந்தநாள். லென்ஸ் வெட்டுகிற அண்ணன் கேக் தட்டை நீட்டி, "ஒரு துணுக்குதானேம்மா, என்ன ஆயிடப்போகுது?" என்கிறார். லென்ஸ் அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலே தலைவலி வரும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற மனிதர்!

சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன். ஏன் சிரித்தேன்? அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 8, ஞாயிறு

இன்றும் மானம் போயிற்று.

நாத்தனாரும் நானும் ஆறு வருடமாக ஓட்டுகிற இரட்டைச் சைக்கிள். முன்னால் நான்: ஹேண்டில், பிரேக், கியர். பின்னால் அவள். மிதிப்பதைத் தவிர அவள் கைக்கு வேலை இல்லாததால் சாப்பாட்டு இலாகா அவளுடையது. நான் வீட்டிலிருந்து கொண்டுபோகிற பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கி, உருளைக்கிழங்கைத் தோலுரித்து, தோளுக்கு மேல் நீட்டுவாள். வாங்கித் தின்றபடி ஓட்டுவேன்.

இரண்டாவது மேட்டில் கால் செத்துவிட்டது. வயிறு கலக்கி, பெட்ரோல் பங்க் கழிப்பறைக்கு ஓட்டம். திரும்பி வந்தால் நாத்தனார் சொல்கிறாள்: "அண்ணி, மே மாசம் இருநூறு கிலோமீட்டர் போட்டி. இப்படி இருந்தா எப்படி? நம்ம கிளப் மருந்துக்கடைக்காரர் முன்னாடி உக்கார ரெடியாம். சும்மா கேட்டு வெச்சேன்."

சும்மாவாம்! நான் இருக்கும்போதே என் சீட்டில் இன்னொருத்தருக்குத் துண்டு போடுகிறாள்.

மார்ச் 11, புதன்

இன்னும் வயிறு. எழுதத் தெம்பில்லை.

மார்ச் 29, ஞாயிறு

நாத்தனார் வேலை விஷயமாக வெளியூர். மூன்று ஞாயிறும் என் பழைய தனிச் சைக்கிளில் போனேன். வயிறு மூச்சுக்கூட விடவில்லை. அந்த இரண்டாவது மேட்டை இன்று இறங்காமல் ஏறினேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "அப்போ உனக்கு ஒத்துக்காதது கோதுமை இல்ல, என் தங்கச்சி!" என்று ஒரே சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்.

பின்னால் வரும் லாரிகளைப் பார்க்க ஹேண்டிலில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. வீட்டுக்காரரின் கிண்டல் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்ததால், இன்று அதை நாத்தனார் பக்கம் திருப்பினேன். மகராசி தன் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தாள். கடித்தாள். விரலை நக்கினாள். அதே விரலால் என் பேரீச்சம்பழத்தைப் பிய்த்தாள்.

பிரேக் பிடித்த பிடியில் அவள் மூக்கு என் முதுகில் வந்து மோதியது.

"பிஸ்கட் தின்ன கையாலயா எனக்குக் குடுக்கற?"

"உங்களுக்குப் பிஸ்கட்டா குடுத்தேன்? பழம்தானே அண்ணி!"

"அந்தத் தூள் போதும்டி என் குடலைப் புண்ணாக்க! உங்கண்ணன் என்னைத் திருட்டுத்தீனிக்காரின்னு பாக்கறாரு!"

"அப்போ நான் உங்களுக்கு விஷம் வெச்சேன்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். இனி உன் கை என் வாய்ப் பக்கம் வரக்கூடாது என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ? ஏன் கூடாது?

கொடுமை என்னவென்றால், வீட்டுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர். இரட்டைச் சைக்கிளில் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போக முடியாது. அவள் கால் சுற்றினால் என் காலும் சுற்றியாக வேண்டும். உம்மென்று சுற்றினோம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஹேண்டில் பையிலிருந்து நானே ஒற்றைக் கையால் எடுத்துத் தின்றேன். வண்டி ஆடி, பள்ளத்தில் இறங்கி, இரண்டு பேருக்கும் முழங்கால் சிராய்ப்பு. ஆளுக்கொரு பக்கம் திரும்பி மண்ணைத் தட்டிக்கொண்டோம்.

"பாவம், தெரியாமதானே செஞ்சா," என்கிறார் வீட்டுக்காரர். தெரியாமல் தொட்டாலும் நெருப்பு சுடும். என்னைச் சந்தேகப்பட்டதற்கு இவர் வாயிலிருந்து இன்னும் ஒரு சொல் வரவில்லை.

மருந்துக்கடைக்காரரைத்தான் கூப்பிடப்போகிறாள். கூப்பிடட்டும்.

ஏப்ரல் 22, புதன்

நாத்தனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். நேரே சமையலறை.

"நீங்க எடுத்துட்டு வர்றதுல எனக்கும் ஒரு பங்கு வைங்க. வண்டியில இனிமே நானும் அதேதான்." ஓர் உருளைக்கிழங்கைக் கடித்து முகத்தைச் சுளித்தாள். "இதைத் தின்னுட்டா இவ்வளவு நாள் மேடு ஏறினீங்க?" அதையும் கோபமாகத்தான் கேட்டாள்.

பிறகு கூடத்துக்குப் போனாள். "ஏண்ணே, அண்ணி திருடித் திங்கறாங்கன்னா சொன்னே?" அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அவள் டிவியையே அணைத்தாள். அரைமணி நேரம் கழித்து அவர் வந்து, தப்புத்தான் என்று சமையலறைக் கதவைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குக் கோபம் தீரவில்லை, இருவர் மேலும். அவள் பங்குக்குக் கொஞ்சம் மிளகுத்தூள் தூவினேன், அவ்வளவுதான்.

மே 10, ஞாயிறு

இருநூறையும் முடித்தோம். கடைசி ஆட்களில் நாங்களும். முன்சீட்டில் நான்தான்.

எழுத வேண்டியது அதுவல்ல. கடைசி மேட்டுக்கு முந்தைய உணவுப் பந்தலில் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், உதவுகிறேன் பேர்வழி என்று என் தண்ணீர் பாட்டிலை எடுத்து, வாய் வைக்கிற இடத்திலேயே பிடித்துத் திருகினார். அவர் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது என்று நான் அசட்டுச் சிரிப்போடு வார்த்தை தேடுவதற்குள், பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"கையை எடுங்க! ரொட்டி தொட்ட கையால அதைத் தொடாதீங்க! ஒரு தூள் போதும், இவங்க மூணு நாள் எந்திரிக்க மாட்டாங்க!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. பாவம், அந்த மனிதர் முகம் சுருங்கிவிட்டது. நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன். நாத்தனார் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மூடியைக் கழுவினாள், பாட்டிலைக் கழுவினாள், தன் கையை முழங்கை வரை கழுவினாள்.

மேட்டில் அவள் நீட்டியதை வாங்கித் தின்றேன். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, ஆனாலும் திட்டுவதை நிறுத்தவில்லை: அந்த ஆளை, பந்தல் போட்டவர்களை, கண்ட இடத்திலெல்லாம் கோதுமையைக் கொட்டுகிற உலகத்தை. உச்சிவரை திட்டிக்கொண்டே வந்தாள். நான் திட்ட ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. பேசாமல் மிதித்தேன்.