நாலு இட்லி, என் பங்கு

உன் படத்திறப்பு அழைப்பிதழ் இன்னும் என் மேசை மேல்தான் கிடக்கிறது. கிழித்துப் போடலாம் என்று இரண்டு முறை கையில் எடுத்தேன். ஒரு பக்கம் உன் படம்: வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, எவனையோ வம்புக்கு இழுக்கப் போகிற அதே சிரிப்பு. மறுபக்கம் நிகழ்ச்சி நிரல். அதில் 'நினைவுரை: பொட்டலம் (அஞ்சலகம், ஓய்வு)' என்று அச்சடித்திருக்கிறார்கள். செத்த பிறகும் நீ என்னை விடவில்லை.

நம் ஹாஸ்டல் முன்னாள் மாணவர் சங்கத்துக்குத் திருத்தணியில் நீ கிளை ஆரம்பித்த நாளிலிருந்து நான் உறுப்பினன். என் பெயர் ஏகாம்பரம் என்பது அந்தக் கிளையில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அச்சகத்துக்குப் பட்டியல் கொடுத்த தலைவருக்கே இல்லை. அவரையும்தான் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளை என்று ஹாஸ்டலில் நீ அவர்கள் பாஷையில் மச்சான் என்கிற மாதிரி 'பாவா' என்றாய், இன்றைக்கு ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. அவருக்கு அது பிடித்திருக்கிறது. எனக்கு என் பட்டப்பெயர் ஒரு நாளும் பிடித்ததில்லை.

சனிக்கிழமை காலை மெஸ்ஸில் இட்லி போடுவார்கள், ஆளுக்கு நாலு. எங்கள் வீட்டில் தீபாவளிக்குத்தான் இட்லி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தார்கள். உங்களுக்குத் திருவாலங்காட்டில் சொந்தக் கரும்புத் தோட்டம், உனக்கு இட்லி ஒரு விஷயமே இல்லை. நான் வெறும் சாம்பாரைக் குடித்துவிட்டு, நாலு இட்லியையும் இலையில் வைத்துத் தாளில் சுற்றிப் பைக்குள் துணிக்கு அடியில் வைத்துக்கொள்வேன். பஸ் பிடித்து மதியம் கே.ஜி.கண்டிகையில் இறங்கினால் என் தங்கை செல்வி நிறுத்தத்தில் நின்றிருப்பாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பையைத்தான் பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை மெஸ்ஸில் கை கழுவ நீ என் பையில் சோப்பு தேடினாய். கையில் சூடாக ஏதோ தட்டுப்பட, வெளியே இழுத்தாய். மெஸ் நிறைய ஆட்கள். "இன்னாடா இது? டேய், எல்லாரும் இங்க பாருங்கடா! இட்லிய அமுக்கிகினு போறான்டா, பொட்டலம்!" என்று தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாய். மெஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். என்ன செய்வதென்று தெரியாதவன் அப்படித்தான் சிரிப்பான். அன்று சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து என் நாலு இட்லியையும் எல்லாரும் பார்க்க நானே தின்றேன்.

அந்த வாரம் செல்வி பையைத் திறந்து துணியெல்லாம் விலக்கிப் பார்த்தாள். "இட்லி இல்லியாண்ணா?" என்றாள். "மெஸ்ல இப்ப போடறது இல்லம்மா" என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகும் ஒரு மாதம் போல அவள் பையைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

இது எதுவும் உனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்ததெல்லாம் பெயர்தான், அதை நீ நன்றாகப் பயிர் செய்தாய். நான் அஞ்சலகத்தில் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? விலாசத்தில் 'பொட்டலம், அஞ்சலகம், திருத்தணி' என்று மட்டும். தபால்களைப் பிரிக்கிற மேசையில் அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் விசாரணை நடந்தது. கடைசியில் நானே கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெறுகிற வரைக்கும் அடுத்தவர் பெயரையெல்லாம் பிழையில்லாமல் படித்து உரிய இடத்தில் சேர்த்தவன் நான். அந்த அலுவலகத்தில் என் பெயர் அன்றோடு தொலைந்தது.

விட்டுத் தொலைத்திருக்கலாம் சங்கத்தை. விட முடியாதபடி செய்ததும் நீதான். என் மனைவிக்கு ஆபரேஷன் என்றபோது ரத்தம் வேண்டும் என்றார்கள். யாரிடம் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியில் வந்து நின்றாய். முதலில் நீதான் கையை நீட்டினாய். "பேஷண்டுக்கு நீங்க இன்னா வேணும்?" என்று நர்ஸ் கேட்க, "ஒரே சங்கம்மா" என்றாய். அந்தம்மா ஒன்றும் புரியாமல் அப்படியே எழுதிக்கொண்டது. அதோடு நிறுத்தியிருந்தால் உன்னைக் கும்பிட்டிருப்பேன். கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்து, வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "டேய் பொட்டலம், சாப்ட்டியாடா?" என்று கத்தினாய். ஆபரேஷன் அறை வாசலில் நன்றியும் எரிச்சலும் ஒன்றாக வந்து, தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு எந்த வாயை வைத்துக்கொண்டு உன்னோடு சண்டை போடுவது? மாதாந்திரக் கூட்டத்துக்குப் போனேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு நம் கிளை புளிசாதம் கொடுக்கும்போது, "இந்த டிபார்ட்மெண்ட் நம்மாளு டிபார்ட்மெண்ட்" என்று ஒவ்வொரு வருஷமும் என்னையே பொட்டலம் கட்ட உட்கார வைத்தாய். கட்டினேன். மற்றவர்கள் சிரித்தபோது கூடவே சிரித்தேன். நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் என் மகன் கல்யாண வரவேற்பில் நீ செய்ததைப் பொறுக்க முடியவில்லை. வாழ்த்த வந்தவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பன் மெஸ்ஸில் இட்லி திருடிய கதையைச் சொன்னாய். திருடிய கதை! சம்பந்தி வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மகன் சிரிக்கவில்லை. மறுநாள் உன் வீட்டுக்கு வந்து, "அத ஏன்டா மைக்ல சொன்ன?" என்று கேட்டேன். "டேய், பாசம்டா அது. சங்கத்துல பட்டப்பேரு இல்லாதவன் யாரு கீறான்?" என்று சொல்லி என் முதுகில் தட்டி, காபி கொடுத்து அனுப்பினாய். அந்தக் காபியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன், மானங்கெட்டவன்.

என்றைக்காவது உன்னை உட்கார வைத்துப் பேசிவிட வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அவசரமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய்.

நேற்று உன் பதினாறாம் நாள். காரியம் முடிந்ததும் படத்தைத் திறந்தார்கள். பாவா மைக்கைத் தட்டி, "இப்ப நம்ம பொட்டலம் ரெண்டு வார்த்த பேசுவாரு" என்றார். எழுந்து போனேன். உன் மகன் எதிரில் உட்கார்ந்திருந்தான். உன் மனைவி உள்ளறையில் இருந்தாள். எழுதிக்கொண்டு போன காகிதத்தில் 'நட்பின் இமயம்' என்றெல்லாம் இருந்தது. அதை மடித்துப் பையில் வைத்தேன்.

"என் பேரு ஏகாம்பரம்" என்றேன். "நான் இட்லி திருடல. அது என் பங்கு. நான் துன்னாம என் தங்கச்சிக்கு எடுத்துகினு போனது. இவன் அன்னிக்குக் கத்தினதுக்கு அப்புறம் அதுக்கு இட்லி கெடைக்கல." அவ்வளவுதான் பேசினேன். பாவா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு உட்காராமல் கிளம்பினேன். வாசலில் உன் மனைவி பின்னாலேயே வந்து, இலையில் கட்டிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "உங்க தங்கச்சிக்குங்கண்ணா" என்றாள். மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

செல்வி இப்போது அந்தக் கண்டிகை நிறுத்தத்திலேயே டீக்கடை வைத்திருக்கிறாள். ஜெயித்து வந்தவன் போல பஸ்ஸை விட்டு இறங்கி, பொட்டலத்தை அவள் முன் வைத்து, நடந்ததை முழுசாகச் சொன்னேன். அவள் அதைப் பிரித்து, வடை ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏண்ணா, உசுரோட இருந்தப்ப அந்தாள்கிட்ட சொன்னியா, இது என் தங்கச்சிக்குனு?"

"இல்ல."

"ஒரு தபா கூடவா?"

"இல்லம்மா."

"சொன்னா சங்கத்துல சேத்துக்க மாட்டாங்கனு பயந்துகினு இருந்தியா?"

"ஆங்" என்றேன். அவளிடம் பொய் சொல்லி ஏற்கெனவே ஒரு முறை பட்டது போதும்.

"இத்தினி வருசம் வாய மூடிகினு இருந்துட்டு, போட்டோகிட்ட போய் சொல்லிட்டு வந்து நிக்கிற. அந்தாளு பொண்டாட்டி இன்னா பாவம் செஞ்சுது?" என்று கையைத் துடைத்துக்கொண்டு பால் பாத்திரத்தைக் கிளறப் போய்விட்டாள்.

இரவெல்லாம் உன்னைத் திட்டிப் பார்த்தேன். வழக்கம்போல வரவில்லை. சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? அதையும் ஒரு வேடிக்கையாக்கி இன்னும் உரக்கக் கத்தியிருப்பாய். அல்லது ரத்தம் கொடுக்கக் கையை நீட்டின மாதிரி, மறு சனிக்கிழமை உன் தட்டை என் பக்கம் தள்ளியிருப்பாய். இரண்டுமே உன்னால் முடியும். எதைச் செய்திருப்பாய் என்று தெரிந்துகொள்ள விடாமல் நானே செய்துவிட்டேன். அதற்கும் சேர்த்து உன் மேல்தான் கோபம் வருகிறது.

அடுத்த கூட்டத்துக்குப் போவேன். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று பாவாவிடம் போனில் சொல்லிவிட்டேன். "சரிங்க ஏகாம்பரம்" என்றார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. அவர்களிடம் எனக்கு ஆக வேண்டியது முடிந்தது. உன்னிடம் முடியவில்லை. மெஸ்ஸில் நீ அதைத் தூக்கிக் காட்டினபோது உன் கையிலிருந்து பிடுங்கிச் சொல்லியிருக்க வேண்டியதை இந்த வயதில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

நாலு இட்லிடா. என் பங்கு. தங்கச்சி நின்னுகினு இருப்பா, குடு.