பென்சிலில் போட்ட அஞ்சு

போத்தனூர்
12.1.2025

அன்பு மகள் இல்மாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீயும் மாப்பிள்ளை ரைஹானும் ஐதராபாத்தில் நல்லபடியாகக் குடியேறியதில் மனசு நிறைந்தது. நிக்காஹ் முடிந்தும் எட்டு மாதம் எனக்காக இங்கேயே கிடந்தாய். மாப்பிள்ளை ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதம். அஞ்சாவது படித்தவள் எழுத்து, சிரிக்காதே.

டாக்டர் சீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அமெரிக்காக்காரர் நோய்க்கெல்லாம் ஆபீசில் நம்பர் போடுகிறவள், என் சீட்டின் ஓரத்திலும் பென்சிலால் போட்டாயே. எஃப் முப்பத்திரண்டு புள்ளி நாலு என்றால் மனச்சோர்வு பாதி தெளிந்தது, புள்ளி அஞ்சு என்றால் முழுசும் தெளிந்தது. அஞ்சு போட்ட மறுநாள்தான் நீ பெட்டி கட்டினாய்.

தினமும் சாயங்காலம் நடக்கிறேன். நீ வாங்கித் தந்த ஷூ கொஞ்சம் கடிக்கிறது. மற்றபடி குறையில்லை.

துஆவுடன்,
அம்மா சாயிரா பானு


ஐதராபாத்
3.2.2025

அன்புள்ள அம்மாவுக்கு இல்மாவின் ஸலாம்.

பக்கத்து வீட்டு சாஜிதா மாமி போன் செய்தார். "ஏன் கண்ணு, உங்கம்மா தெனமும் ஷூ போட்டுட்டு ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்திருக்குது, ஆரு வாராங்க ஊர்ல இருந்து?" என்று கேட்டார். யாரோ வருகிறார்கள், தனக்குத்தான் சொல்லவில்லை என்று அவருக்குக் கோபம் வேறு.

எனக்குப் புரிந்துவிட்டது அம்மா. ஆனாலும் நீங்களே சொல்ல வேண்டும். மறைத்தால் வேலையை விட்டுவிட்டு இந்த மாதமே வந்துவிடுவேன்.

உங்கள்
இல்மா


போத்தனூர்
11.2.2025

கண்ணு இல்மா,

உன் தம்பி ஆஸிம் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்து ஆறே கால் பாசஞ்சரில் வந்து இறங்குவானே, அந்த வண்டிக்குத்தான் போகிறேன். மூணு நாள் காய்ச்சலில் போனவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாகப் போகிறது, தெரியாமல் இருக்குமா. அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கடைசி ஆள் இறங்கிப் போனதும் திரும்பி வந்துவிடுவேன்.

அந்தச் சீட்டு எழுதின அன்றைக்கு டாக்டர், "ஏனுங்கம்மா, வெளிய போறீங்களா?" என்று கேட்டார். "தெனமும் சாயங்காலம் நடக்கறனுங்க" என்றேன். அது பொய் இல்லை. "பசிக்குதுங்களா?" என்றார். "நல்லாப் பசிக்குதுங்க." அது பொய். என்ன கேட்பார் என்று மனப்பாடம் ஆகிவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முந்தின நாளே பதில் எல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நாலிலேயே நின்றிருந்தால் நீ போயிருக்க மாட்டாய்.

ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தேன். இன்னொன்றையும் என் காலடியில் கட்டிப்போடக் கூடாது என்று நினைத்தேன். ஆனால் உன் கையாலேயே பொய்யை எழுத வைத்துவிட்டேன். அதுதான் என்னைச் சாப்பிட விடமாட்டேன் என்கிறது. நீ வாங்கித் தந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன், அதுவும்.

வேலையை விட்டுவிட்டு மட்டும் வராதே.

அம்மா


ஐதராபாத்
19.2.2025

அம்மா,

என்னை நீங்கள் ஏமாற்றவில்லை.

அந்தச் சீட்டில் மேலே நர்ஸ் எடை எழுதியிருந்தார். போன தடவையைவிட மூன்று கிலோ குறைவு. கீழே டாக்டர், பசி நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஆபீசில் இப்படி ரெண்டும் ஒத்துப்போகாத தாள் வந்தால் நாங்கள் நம்பர் போடமாட்டோம். கேள்வி எழுதி டாக்டருக்கே திருப்பி அனுப்புவோம். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களுக்கு எல்லாம் ஒரு நாளைக்குப் பத்துத் தாள் அப்படி அனுப்புகிறேன்.

உங்கள் தாளை அனுப்பவில்லை. மூன்று கிலோவைப் பார்த்தேன் அம்மா. பார்த்துவிட்டுத்தான் அஞ்சு போட்டேன். எனக்கும் அந்த அஞ்சு வேண்டியிருந்தது.

இதை உங்கள் மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை.

இல்மா


போத்தனூர்
6.3.2025

அன்பு மகளுக்கு,

உன் காகிதம் வந்து ரெண்டு நாள் திறந்து திறந்து படித்தேன். அழுதேன், இல்லை என்று சொல்லமாட்டேன். புருஷன் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டது ஒரு குற்றமா கண்ணு. அதை நீ வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நானே அனுப்பியிருப்பேன். நானும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிப்போட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், "ஷூ நல்லா இருக்குதுங்கம்மா, நடந்து வந்தீங்களா?" என்றார். பாதிதான் தெளிந்திருக்கிறது என்று எழுதி மாத்திரையை மறுபடி கொடுத்திருக்கிறார். டாக்டர் எழுதினதைத்தான் போடணும், நாமாகப் போடக் கூடாது என்பாயே. அவர் எழுதின பிறகுதான் போட்டேன். புதுச் சீட்டின் ஓரத்தில், பென்சிலால், நாலு. கோணலாக இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு இன்னும் போகிறேன். நேற்று சாஜிதா நோன்புக் கஞ்சித் தூக்கோடு அங்கேயே வந்துவிட்டாள். "வாரவங்க வாரப்ப வரட்டும், நீ மொதல்ல குடி" என்றாள். பெஞ்சிலேயே ரெண்டு பேரும் நோன்பு திறந்தோம். ரெண்டு டம்ளர் குடித்தேன்.

பெருநாளுக்கு மாப்பிள்ளையோடு வா. நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போ. போத்தனூரில் நிற்கிற வண்டியாகப் பார்த்து டிக்கெட் போடு. நான் எப்படியும் அங்கே இருப்பேன். அன்றைக்காவது நம் வீட்டு ஆள் ஒருத்தர் இறங்கட்டும்.

அம்மா சாயிரா பானு