ஓட்டிகினு கீறேன்

செவ்வாய்க்கிழமை

எண்ணூரில் விபத்தில் கால் நசுங்கி, இனி வண்டி ஓட்ட முடியாது என்று நஷ்டஈடு கேட்கும் லாரி டிரைவர் சேவியரை இன்று கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தேன். முன்பெல்லாம் அடிபட்டவர்களுக்காக வாதாடியவன். இப்போது இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல்.

"இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இன்னா சார் பண்றது? எப்டியோ ஓட்டிகினு கீறேன்."

பிழைப்பை ஓட்டுவதைத்தான் சொன்னார். அவரைப் போலவே ராயபுரத்தில் பிறந்த எனக்கா தெரியாது? ஆனாலும், இன்னும் வண்டி ஓட்டுவதாக ஒப்புக்கொள்கிறார் என்று பதியச் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்த நீதிபதி அப்படியே எழுதவைத்தார். சேவியருடைய வக்கீல் அடுத்த கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சேவியர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே கட்டையை ஊன்றி நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லவேள, நம்ம பேட்டைக்காரரு நீங்க. நம்ம பேச்சு உங்களுக்காவது புரிஞ்சிதே சார்."