நான் எடுக்காத பணம்

மார்ச் 3

அன்புள்ள டீச்சருக்கு,

கோபம் இருந்தாலும் கிழிக்காமல் படித்துவிடு. போனில் பேசாமல் கடிதம் எழுதக் காரணம் இருக்கிறது. என் போனுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். அதைத் துண்டில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன்.

நாம் இருவரும் சேர்ந்து பிட்காயின் வாங்கி வைத்திருந்தோமே, அந்த எக்ஸ்சேஞ்ச் கணக்கு காலி. ஒரு காசு இல்லை. அந்தக் கம்பெனியில் புகார் கொடுத்தேன். "சார், நீங்க ஒத்துக்கிட்டுத்தான் பணம் வெளிய போயிருக்கு" என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. வழக்குப் போடுவேன் என்று எழுதியிருக்கிறேன். வாசல் பூட்டையும் மாற்றிவிட்டேன். இருபது வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்க அதன் குழிக்குள் இறங்குகிறவன், இப்போது வீட்டுக்குள் தனியாக இருக்கப் பயப்படுகிறேன்.

ஒருவேளை நீ எடுத்திருந்தால் சொல்லிவிடு. திட்ட மாட்டேன்.

உன் லிஃப்ட்காரன்

மார்ச் 7

லிஃப்ட்காரருக்கு,

கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தவள் இப்போது திருடியும் ஆகிவிட்டேனா? அந்தக் கணக்கின் பாஸ்வேர்டுகூட எனக்குத் தெரியாது.

மகளின் பட்டமளிப்பு விழாவைப் பற்றி மூன்று முறை சொன்னேன். வராமல் இருந்துவிட்டு, "நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். அப்படி ஒன்றா இரண்டா! பொய் சொல்கிறவரோடு குடும்பம் நடத்த முடியாது என்றுதான் கிளம்பினேன்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கத்துவதை விட்டுவிட்டு, நீங்கள் ஒத்துக்கொண்டதற்கு என்ன ஆதாரம் என்று அவர்களிடம் கேளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

டீச்சர்

மார்ச் 16

டீச்சர்,

நீ சொன்னபடி கேட்டேன். ஒரு வீடியோ அனுப்பினார்கள். பெரிய தொகை எடுப்பவர்கள் முகத்தைக் காட்டிப் பேசிப் பதிவு செய்ய வேண்டுமாம். அதில் நான் இருக்கிறேன். எனக்குப் பின்னால், நான் பார்த்துக்கொள்ளும் பத்தொன்பது மாடிக் கட்டிடத்தின் லிஃப்ட் மெஷின் ரூம். "பணத்தை எடுக்கச் சொன்னது நான்தான். யாரும் என்னை வற்புறுத்தலை" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன்.

போலி வீடியோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சுவரில் நான் எழுதிவைத்த குறிப்பு, என் கையெழுத்திலேயே. தாடையில் சவரக் காயத்துக்கு நான் ஒட்டிய பிளாஸ்திரி. யார் என்னைப் பேசவைத்தார்கள், பணம் யாருக்குப் போனது, எதுவும் நினைவில்லை. "போனது போனதுதான் சார், எங்களால திருப்ப முடியாது" என்று புகாரை முடித்துவிட்டார்கள்.

பணத்தை விடு. வீடியோ எடுத்த அதே நாளில் அந்த லிஃப்ட்டின் பிரேக்கைச் சோதித்ததாகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேற்று ஓடிப்போய்ப் பார்த்தேன். பிரேக் மூடித் திருகாணிகளில், திறந்தால் தெரிய வேண்டும் என்று முந்தின முறை பூசிய சிவப்புப் பெயின்ட் உடையவே இல்லை. நான் திறக்கவே இல்லை. திறந்தால், உள்ளே பிரேக் பட்டை காகிதம்போலத் தேய்ந்திருந்தது. உடனே லிஃப்ட்டை நிறுத்தினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் "எப்ப அங்கிள் ஓடும்?" என்று கேட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்னும் பத்துக் கட்டிடங்கள் என் கையெழுத்தை நம்பி இருக்கின்றன. சூப்பர்வைசரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. எனக்கு என்ன ஆகிறது?

மார்ச் 19

என்னங்க,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். முடித்ததும் இன்னொரு முறை படித்தேன். விழாவைப் பற்றி நான் சொல்லவே இல்லை என்றீர்களே, அது பொய் இல்லை. உங்களோடு என்று நினைத்து, ஏழு மாதமாக ஒரு மறதி நோயோடு சண்டை போட்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். சூப்பர்வைசருக்குப் போன் போட்டுப் பத்து லிஃப்ட்டையும் நிறுத்தச் சொன்னேன். "அவர் வேலையில ஒரு குறை வந்ததில்லையேம்மா, நீங்க யாரு?" என்று இழுத்தார். "அவர் பொண்டாட்டி பேசறேன், மொதல்ல நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். நிறுத்திவிட்டார்கள். மூன்றில் பட்டை தேய்ந்திருந்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேலை போனால் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். திங்கள்கிழமை டாக்டர். பணத்தைப் பற்றிப் போலீசில் இருவரும் சேர்ந்தே எழுதிக்கொடுப்போம். பயப்படாதீர்கள் என்று எழுதக் கை வரவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

கதவைத் திறந்ததும் "எதுக்கு வந்தே?" என்று நீங்கள் கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்கள் டீச்சர்