கேஷ் என்றால் காசு இல்லை

உடுப்பிட்டி,
14.2.1979

அன்பு மகள் பத்மாசினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன், மஞ்செஸ்டர் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் பிள்ளையாரைக் கேட்கிறேன். உனக்குப் பேசிவந்த சம்பந்தம் முறிந்துபோயிற்று. முறித்தது நான்தான், மாமா வேறு விதமாக எழுதுவதற்கு முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை சோமசேகர மாமா, மாப்பிள்ளையின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளையரை இணுவிலிலிருந்து கூட்டி வந்தார். சுருட்டுக்கடை முதலாளி. வந்து இருந்ததும் "பிள்ளை அங்கை என்ன, டைப் அடிக்கிறாவோ?" என்று சிரித்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது, நீ எழுதியதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். கம்பியூட்டரின் மூளை பறக்கிற வேகம், எல்லாவற்றையும் வைத்திருக்கும் பெரிய நினைவகமோ மெதுவானது, ஒவ்வொன்றையும் அங்கே கேட்டால் மூளை சும்மா காத்துக் கிடக்கும், அதனால் மூளைக்குப் பக்கத்திலேயே சின்னதாய், வேகமாய் இன்னொரு நினைவகம் வைக்கிறார்கள், இப்போது எடுத்தது திரும்பவும் வேண்டிவரும் என்று அதன் பிரதியையும் அதற்கு அடுத்து இருப்பவற்றையும் அதிலே வைத்திருக்கும், கேட்டது அங்கே இருந்தால் உடனே கிடைக்கும், இல்லாவிட்டால்தான் பெரியதுக்குப் போகும், இடம் போதாவிட்டால் கனநேரம் கேட்காததை வெளியே தள்ளும், எதை வைப்பது எதைத் தள்ளுவது என்று முடிவுகட்டுகிற வேலைதான் என் மகளுக்கு, அந்தச் சின்ன நினைவகத்தின் பெயர் கேஷ் என்றேன். "காசோ?" என்றார். "காசில்லை, கேஷ்" என்றேன்.

மனிசன் மொக்கன் இல்லை. "விளங்குது, என்ரை கடையிலையும் ஓடுற சுருட்டுத்தான் கைக்குக் கிட்டக் கிடக்கும், மிச்சம் பின்னறையிலை" என்றார். பிறகு, "ஆனா கலியாணம் முடிஞ்சால் பிள்ளை உந்த வேலையை விட்டிட்டு வந்திட வேணும்" என்றார். விளங்காமல் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன், அத்தனையும் விளங்கிய பிறகு சொன்னதுதான் பொறுக்கவில்லை. "விடமாட்டாள், விடச்சொல்லி நான் கேக்கவும் மாட்டன்" என்றேன். மாமா எழும்பி, "அக்கா, பெட்டைக்கு இருபத்தொன்பது, இனி ஆர் வருவினம்?" என்று கத்தினார். "வராட்டில் வராமல் இருக்கட்டும்" என்றேன். தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்கள், மாமா அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. கோயிலில் ஊரவர்கள் என்னைக் கண்டு குசுகுசுத்தார்கள், நான் முன்வரிசையிலேயே நின்று கும்பிட்டேன்.

அம்மா சொன்னால் வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நான் சொல்லமாட்டேன். உனக்குப் பிடித்தவன் ஒருவன் இருந்தால் எழுது, மாமாவோடு நானே கதைக்கிறேன். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. எடுத்த வேலையில் நீ மேலே மேலே வர என் ஆசீர்வாதம். ஒன்று மறக்காமல் எழுது. சின்ன நினைவகத்தில் இருப்பதை மூளை மாற்றிவிட்டால், பெரியதில் பழையதுதானே கிடக்கும், அதை எப்போது திருத்துகிறார்கள்? இனி வருகிறவர்கள் கேட்டால் நான் முழிக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகாம்பிகை